ஒப்பந்தம் கடல் கடந்த கதை

வளரும் சமூகத்தில் ஒருவன் யார் என்பதைப் பிறப்பு தீர்மானிப்பது குறையும், அவனே செய்துகொள்ளும் ஒப்பந்தம் தீர்மானிப்பது கூடும் என்று 1861-இல் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஹென்றி மெய்ன் எழுதினார். தாராளவாதிகளுக்கு இனித்த வாக்கியம். மறு ஆண்டே அவர் கல்கத்தாவில் வைசிராய் சபையின் சட்ட உறுப்பினர். அவர் தொடங்கிவைத்த பதிவுத் திருமண மசோதா 1872-இல் சட்டமானது. ஆனால் இந்து மதமும் மற்ற பல மதங்களும் தமக்கில்லை என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு மட்டும்! இந்திய ஒப்பந்தச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது.

மலாயாவுக்குத் தோட்டக் கூலிகளோடு ஒப்பந்தம் வேறு வேஷத்தில் வந்தது. படிக்கத் தெரியாதவன் வைத்த கைநாட்டு அவனது 'சம்மதம்' ஆயிற்று. வேலையை விட்டு ஓடினால் சிறை. 1910-இல் அந்த முறையை ஒழித்தார்கள். மலாக்காவில் நியாலாஸுக்கு அருகே ஆசஹானில் தோட்டக்காரர் தான் சாய் யான் ரப்பர் நட்டு ஒரு தலைமுறை ஆவதற்குள், கைநாட்டின் இடத்தை ஆள் சேர்க்கும் கங்காணியின் வாய்ச்சொல் பிடித்துக்கொண்டது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் யாரும் போகலாம் என்றது சட்டம். லயம், கோயில், பள்ளிக்கூடம் எல்லாமே தோட்டத்துடையவை என்றால் எங்கே போவது? மெய்னின் வாக்கியத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

1928-இல் தமிழ்நாட்டுச் சுக்கிலநத்தத்தில் நடந்த சுயமரியாதைத் திருமணத்தில் ஒப்பந்தம் நல்ல வேஷம் கட்டியது: புரோகிதர் இல்லை, இருவரும் சமம் என்ற உறுதிமொழி. அடுத்த ஆண்டு இறுதியில் சுயமரியாதை இயக்கத் தலைவர் பெரியாரே மலாயா வந்தார். ஆனால் தமிழ்நாட்டில் அத்தகைய திருமணத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைக்க அண்ணாவின் ஆட்சி வரவேண்டியிருந்தது. மலேசியாவில் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்து, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி, பதிவு கட்டாயம் என்று ஆக்கியது. தோட்டத்துப் பெண்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனாலும் 21 வயது நிறையாதவருக்கு முதலில் கேட்கப்படுவது தகப்பனின் எழுத்துபூர்வ சம்மதம். தாயின் முறை பிறகுதான்.

திருமண ஒப்பந்தத்தையும் கூலி ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அரசியல் சிந்தனையாளர் கேரோல் பேட்மன். உழைப்பை விற்பவர் உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது என்பது 1988-இல் அவர் வைத்த வாதத்தின் சாரம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்று மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டும் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் ஒப்பந்தத்தில்தான் வருகிறார்கள். பெர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது. நினைத்தபடி பக்கத்துத் தோட்டத்துக்கு மாற முடியாது.