அரசிதழிலிருந்து தேடுபொறி வரை

சென்னை மாகாண அரசு 1832இல் ‘ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெசட்’ என்ற அரசிதழைத் தொடங்கியது. சட்டம், நியமனம், நில எடுப்பு அறிவிப்பு எல்லாம் அதில் அச்சேறின. அதில் வந்துவிட்டால் மக்களுக்குத் தெரிவித்தாயிற்று என்பது கணக்கு. எத்தனை பேர் படித்தார்கள் என்பது அரசின் கவலையாக இருந்ததில்லை. இந்தப் பழைய மனநிலை இணையத்துக்கும் அப்படியே குடிபெயர்ந்தது.

தகவல் உரிமைக்கென 1997லேயே சட்டம் இயற்றிய முன்னோடி மாநிலம் தமிழ்நாடு. ஆனால் அதில் விலக்குகள் ஏராளம். 2005இல் வந்த மத்தியச் சட்டம் ஒரு படி மேலே போனது. அதன் 4ஆம் பிரிவு, யாரும் மனுப்போடும் முன்பே 17 வகைத் தகவல்களை ஒவ்வொரு அலுவலகமும் 120 நாட்களுக்குள் தானாக வெளியிட வேண்டும் என்றது. உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொன்னது.

சிக்கல் அந்த உள்ளூர் மொழியில்தான் ஒளிந்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டையொட்டி அரசு விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் தரப்படுத்தியது. அலுவலகங்களிலோ வானவில் போன்ற எழுத்துருக்கள் வேரூன்றின. இவற்றில் தட்டச்சு செய்த அரசாணை திரையில் அழகான தமிழாகத் தெரியும். கணினிக்கு அது பொருளற்ற லத்தீன் எழுத்துக் குவியல். ‘முதியோர் ஓய்வூதியம்’ என்று தேடுபவருக்கு அந்த ஆணை எப்படி அகப்படும்? 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில், எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது. அதற்குள் பத்தாண்டுக் கால ஆவணங்கள் பழைய எழுத்துருக்களில் ஏறிவிட்டன. இன்னொரு வழக்கமும் தொற்றிக்கொண்டது: கணினியில் அடித்த ஆணையை அச்செடுத்து, கையெழுத்தும் முத்திரையும் இட்டு, ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆகப் போடுவது. அது வெறும் படம். எழுத்தை உணரும் மென்பொருள் ஓட்டினாலொழிய, அதற்குள் எந்தச் சொல்லையும் தேட முடியாது.

ஆகவே அரசாணை வேண்டியவர் துறை, ஆண்டு, எண் மூன்றையும் முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. அவை தெரிந்தவருக்குத் தேடுபொறியே தேவையில்லை என்பது வேறு கதை.

சொற்களைவிட எண்களை நம்பிய சேவைகளோ பிழைத்துக்கொண்டன. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் நிலப் பதிவான சிட்டா வந்துவிடுகிறது. வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நிலத்தரகரும் வங்கி மேலாளரும் அன்றாடம் தேடுவதால் இவை செப்பனிடப்பட்டன என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஓய்வூதிய விதியைத் தேடும் மூதாட்டிக்கு அந்தச் செல்வாக்கு இல்லை.

தேடிக் கண்டது அசலா என்பது அடுத்த சிக்கல். மத்திய அரசு 2015 அக்டோபர் முதல் அரசிதழை அச்சிடுவதையே நிறுத்திவிட்டு மின்னிதழுக்கு மாறியது. அச்சுப் பிரதியை ஒரு பார்வையில் அடையாளம் காணலாம். இணையத்தில் போலிக்கும் அதே சின்னம், அதே நிறம். பாஸ்போர்ட் பெயரில் இயங்கும் போலித் தளங்கள் குறித்து வெளியுறவு அமைச்சகம் எச்சரித்திருக்கிறது; உச்ச நீதிமன்றப் பதிவகமும் 2025 ஜனவரியில் தன் பெயரிலான போலித் தளம் பற்றி அறிவிப்பு வெளியிட்டது. முகவரி ‘கவ்.இன்’ அல்லது ‘நிக்.இன்’ என்று முடிந்தால் நம்பலாம். அவை அரசு அமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை. ஆனால் ரயில் டிக்கெட் விற்கும் பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி.யின் முகவரியே ‘கோ.இன்’ என்றுதான் முடிகிறது.