ஏற்காட்டுக் காப்பியும் வருஷக் கட்டணமும்

"வருஷக் கட்டணமே கிடையாது சார்" என்று சொல்லித்தான் இன்றைக்கு கிரெடிட் கார்டு விற்கிறார்கள். கட்டணமே இல்லாத கடன் என்று ஒன்று உண்டா? சேர்வராயன் மலைக் காப்பியை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். காப்பியில் காசு வருவது வருஷத்துக்கு ஒரு தடவை, பழம் பறித்த பிறகு. செலவோ பன்னிரண்டு மாசமும். அதனால் காப்பியோடு கடனும் கூடவே வளர்ந்தது.

தென்னிந்தியத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க, மேஸ்திரி மூலம் முன்பணம் கொடுப்பது வழக்கம். அதற்குக் கட்டணம் என்று தனியாக யாரும் கேட்கவில்லை. ஆனால் 1859-ஆம் வருஷத்து 13-ஆவது சட்டம் என்ன சொன்னது தெரியுமா? முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பு, இல்லாவிட்டால் வேலையை முடி என்று அவர் உத்தரவிடுவார். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. 'இலவச' முன்பணத்தின் விலை அதுதான். அந்தச் சட்டத்தை நீக்க 1925 வரை ஆனது.

கார்டு பிறந்தபோது விலையை வெளிப்படையாகவே போட்டார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1958-ல் தன் அட்டைக்கு வருஷத்துக்கு 6 டாலர் வாங்கியது. டைனர்ஸ் கிளப் 1961-ல் இந்தியா வந்தது. சென்ட்ரல் பாங்க் 1980-ல் அட்டை வெளியிட்டது.

இப்போது ஒரு கணக்கு. வருஷக் கட்டணம் 500 ரூபாய் என்றால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 590. இதைத்தான் நாம் பெரிதாகப் பேசுகிறோம். ஒரு சிறு விவசாயி உரத்துக்காக 20,000 ரூபாயைக் கார்டில் போட்டு, அறுவடை வரை பத்து மாசம் இழுத்தால்? மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தாலே வட்டி 7,000. அதன் மேல் ஜி.எஸ்.டி. 1,260. வட்டிக்கு வட்டியை நான் சேர்க்கவில்லை.

1998-ல் வந்த கிசான் கிரெடிட் கார்டும் அட்டைதான். அதன் தவணை அறுவடையை ஒட்டியது. 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். நாள் தவறாமல் கட்டினால் 4. அதே 20,000-க்குப் பத்து மாசத்தில் சுமார் 667 ரூபாய்.

கட்டணம் இல்லை என்று யாராவது சொன்னால், "கெடுவில் கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்றைக்குத் தோட்டக் கூலியிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நமக்கு அச்சடித்தே தருகிறார்கள், படிக்கத்தான் வேண்டும்.