சென்னைக் காசநோய் ஆய்வும் வீட்டுச் சிகிச்சையும்

சென்னைக் காசநோய் ஆய்வு என்பது, நுரையீரல் காசநோய் கண்டவர்களை வீட்டில் இருந்தபடியே குணப்படுத்த முடியுமா என்பதை அறிவதற்காக 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வு ஆகும். இதன் முதன்மை அறிக்கை 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் நோய் தீரும் என்ற நெடுநாள் நம்பிக்கையை இந்த ஆய்வு மாற்றியது. இன்று உலகின் பெரும்பாலான காசநோயாளிகள் வீட்டில் இருந்துகொண்டே மருந்து உட்கொள்வதற்கு இது ஒரு முக்கிய அடிப்படை. எனினும் ஆய்வாளர்கள் தங்கள் முடிவோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்திருந்தனர். அந்த நிபந்தனை நிறைவேறிய இடங்களில் வீட்டுச் சிகிச்சை வென்றது. மறக்கப்பட்ட இடங்களில் தடுமாறியது.

சானடோரியங்களின் காலம்

காசநோய் தமிழில் எலும்புருக்கி நோய், சயரோகம் என்றும் வழங்கப்பட்டது. இதற்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் 1882இல் கண்டறிந்தார். காரணம் தெரிந்த பின்னும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அக்கிருமியை ஒழிக்கும் மருந்து கிடைக்கவில்லை. தூய காற்று, ஓய்வு, சத்தான உணவு ஆகிய மூன்றுமே சிகிச்சையாக இருந்தன. இம்மூன்றையும் ஓரிடத்தில் தருவதற்காக ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரேமர் 1850களில் சைலீசியா மலைப்பகுதியில் ஒரு மருத்துவ இல்லத்தை ஏற்படுத்தினார். பின்னாளில் உலகெங்கும் எழுந்த சானடோரியங்களுக்கு அதுவே முன்மாதிரி.

தென்னிந்தியாவில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915இல் கிறித்தவத் திருச்சபைகள் இணைந்து ஒரு சானடோரியத்தைத் தொடங்கின. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் பணியாற்றித் திரும்பிய டேவிட் சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் மற்றொன்றை நிறுவினார். 1937இல் அதை அரசு ஏற்றுக்கொண்டது. அந்த மருத்துவமனையின் நினைவு, 'தாம்பரம் சானடோரியம்' என்னும் மின்தொடர் வண்டி நிலையத்தின் பெயரில் இன்றும் நிலைத்திருக்கிறது.

இம்முறையில் இரண்டு இடர்ப்பாடுகள் இருந்தன. முதலாவது, படுக்கைகளின் எண்ணிக்கை. 1955 முதல் 1958 வரை இந்தியாவில் நடந்த மாதிரிக் கணக்கெடுப்பு, காசநோய் நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் அதே அளவில் பரவியிருப்பதைக் காட்டியது. நோயாளிகள் பல இலட்சம் பேர். படுக்கைகளோ சில ஆயிரங்கள். இரண்டாவது, குடும்பத்தின் நிலை. உழைத்துச் சம்பாதிப்பவர் ஓராண்டுக்குச் சானடோரியத்தில் சேர்ந்தால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? தாய் சேர்ந்தால் பிள்ளைகளைப் பார்ப்பவர் யார்? இக்கேள்விகளுக்கு அன்றைய மருத்துவத்தில் விடை இல்லை.

மருந்துகளின் வருகை

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்தார். அம்மருந்தைக் கொண்டு பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 107 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1948இல் வெளியானது. யாருக்கு மருந்து, யாருக்கு ஓய்வு மட்டும் என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி முடிவு செய்யாமல், குலுக்கல் போன்ற முறையில் பிரித்ததே அதன் சிறப்பு. உடல் தேறியவர்களையே தேர்ந்தெடுத்து மருந்து கொடுத்துவிட்டு, மருந்துதான் வென்றது என்று கூறிவிடும் பிழையை இம்முறை தடுக்கிறது.

அந்த ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் தந்தது. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிக்கொண்டு எதிர்ப்புத் திறன் பெறுகின்றன. ஆகவே இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை வந்தது. பாஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட மருந்து 1940களிலும், மலிவான ஐசோனியசிட் மாத்திரை 1952இலும் பயன்பாட்டுக்கு வந்தன. இவை இரண்டும் வாய்வழி உட்கொள்ளக்கூடியவை. எனவே, வீட்டிலேயே சிகிச்சை அளித்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது.

சேத்துப்பட்டில் நடந்த ஒப்பீடு

இதற்கு விடை காண இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இணைந்தன. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். கிருமியியல் பணிகளில் டெனிஸ் மிச்சிசன் துணை நின்றார். தேவதத்தா, சி. வி. இராமகிருஷ்ணன், புள்ளியியலாளர் எஸ். இராதாகிருஷ்ணா முதலிய இந்திய அறிஞர்களும் பணியாற்றினர்.

நகரின் நெரிசலான, வறிய பகுதிகளைச் சேர்ந்த இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகள் முதல் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் ஏறத்தாழப் பாதிப்பேர் சானடோரியத்துக்கும் மற்றவர்கள் வீட்டுக்கும் பிரிக்கப்பட்டனர். இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோனியசிட், பாஸ். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வு, நல்ல உணவு, செவிலியர் கவனிப்பு, மேற்பார்வையில் மருந்து ஆகியவை கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் சிறிய இடத்தில் குடும்பத்தோடு வாழ்ந்தனர். அவர்களது உணவு குறைவு. பலரால் முழு ஓய்வும் எடுக்க இயலவில்லை.

ஓராண்டு முடிவில் சானடோரியக் குழுவில் 92 சதவீதத்தினருக்கும், வீட்டுக் குழுவில் 86 சதவீதத்தினருக்கும் சளியில் கிருமி இல்லாத நிலை ஏற்பட்டது. இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது. நோயாளிகள் ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். அப்போது இரு குழுக்களிலும் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் நலமாக இருந்தனர்.

குடும்பத்தினருக்கு ஆபத்து உண்டா?

வீட்டில் நோயாளி இருந்தால் குழந்தைகளுக்குத் தொற்றிவிடுமே என்பதே வீட்டுச் சிகிச்சைக்கு எதிரான வலுவான வாதமாக இருந்தது. எனவே இரு குழுவினரின் குடும்பங்களும் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டன. நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில் புதிதாக நோய் கண்டவர்கள், நோயாளி பிரிக்கப்பட்ட குடும்பங்களைவிட அதிகமாக இல்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய மாதங்களிலேயே தொற்று பெரும்பாலும் நிகழ்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கிய பின் நோயாளியின் தொற்றும் தன்மை விரைவாகக் குறைகிறது. ஆகவே குடும்பத்தைக் காப்பதற்கு உரிய வழி, நோயை விரைந்து கண்டறிந்து உடனே மருந்தைத் தொடங்குவதாகும்.

உணவு பற்றிய ஆய்வு 1961இல் வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் சத்தான உணவு உண்டு அதிக எடை கூடினர். வீட்டில் இருந்தவர்களின் எடை அந்த அளவுக்குக் கூடவில்லை. ஆயினும் கிருமி நீங்கிய அளவில் பெரிய வேறுபாடு இல்லை. நோயைத் தீர்த்தது முறையாக உட்கொண்ட மருந்தே என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர்.

முடிவோடு சேர்ந்த நிபந்தனை

பெரும்பாலான நோயாளிகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை அளிக்கலாம். ஆனால் அதற்குப் போதுமான சேவை அமைப்பு இருக்க வேண்டும் என்பதே 1959 அறிக்கையின் கருத்து. அந்தச் சேவை என்ன என்பதைச் சென்னை மையத்தின் அன்றாடப் பணியில் காணலாம். நோயாளிகள் குறித்த நாள்களில் வந்து மருந்து பெற்றனர். வராதவரைத் தேடிப் பணியாளர்கள் வீட்டுக்குச் சென்றனர். முன்னறிவிப்பு இன்றியும் சென்று மீதி மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று அறிந்தனர்.

இத்தனை கவனம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. சில வாரங்களில் இருமலும் காய்ச்சலும் நின்றுவிடும். உடல் தேறியதாகத் தோன்றும். மருந்தோ பல மாதங்கள் தொடர வேண்டும். பாஸ் மருந்தை நாள்தோறும் பல கிராம் விழுங்க வேண்டியிருந்தது. அது வயிற்றைப் புரட்டியது. நலமாக உணர்பவர் கசப்பு மருந்தை நிறுத்துவது மனித இயல்பு. இதற்குத் தீர்வாக, வாரம் இருமுறை மையத்துக்கு வந்து மருத்துவப் பணியாளர் முன்னிலையில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அதிக அளவு ஐசோனியசிட்டும் பெறும் முறை சோதிக்கப்பட்டது. 1964இல் வெளியான அதன் முடிவின்படி, இம்முறையில் 94 சதவீதத்தினரும், வீட்டில் தாமே நாள்தோறும் மருந்து உட்கொண்டவர்களில் 85 சதவீதத்தினரும் நல்ல பயன் பெற்றனர். நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை முறைக்கு இது முன்னோடியாயிற்று.

நாடு தழுவிய திட்டம்

1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் அமைந்தது. 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியது. மாவட்டந்தோறும் ஒரு காசநோய் மையம், பொது மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை, வீட்டுச் சிகிச்சை என்று திட்டம் வகுக்கப்பட்டது. சென்னையின் கண்டுபிடிப்பு இவ்வாறு நாடெங்கும் சென்றது.

ஆனால் வீட்டுச் சிகிச்சையின் சிக்கனம் சென்ற அளவுக்கு, அதைத் தாங்கிய உழைப்பு செல்லவில்லை. மருந்து தட்டுப்பாடு நேர்ந்தது. வராதவரைத் தேடிச் செல்ல ஆள் போதவில்லை. 1992இல் திட்டம் மறு ஆய்வு செய்யப்பட்டபோது, சிகிச்சையைத் தொடங்கியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அதை முடித்தது தெரியவந்தது. பாதியில் நிறுத்தப்படும் சிகிச்சை நோயாளிக்கு மட்டும் தீங்கல்ல. மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகவும் அது வழிவகுக்கிறது. 1993இல் திருத்தியமைக்கப்பட்ட திட்டம் சோதனை முறையில் தொடங்கி, 1997 முதல் விரிவடைந்தது. அதில் பணியாளர் முன்னிலையில் மருந்து உட்கொள்வது விதியாயிற்று. ரிஃபாம்பிசின் சேர்ந்த புதிய மருந்துக் கூட்டு, சிகிச்சைக் காலத்தையும் ஆறு மாதங்களாகச் சுருக்கியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து தரும் முறை 2017இல் கைவிடப்பட்டு, நாள்தோறும் மருந்து தரும் முறை மீண்டும் வந்தது.

சேத்துப்பட்டு மையம் 1964இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையான நிறுவனமாயிற்று. 2011 முதல் அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என அழைக்கப்படுகிறது.

மீண்டும் உணவு

மருந்தே போதும் என்று கண்ட 1961ஆம் ஆண்டு ஆய்வு, உணவு தேவையில்லை என்று கூறவில்லை. மருந்து உட்கொள்பவரின் சளியில் கிருமி நீங்குகிறதா என்பதையே அது முக்கியமாகப் பார்த்தது. உணவுக் குறைவால் எத்தனை பேருக்குப் புதிதாக நோய் வருகிறது என்பது வேறு கேள்வி.

அக்கேள்விக்கு 2023இல் ஒரு தெளிவான விடை கிடைத்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் தலைமையில் ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு, 2,800 நோயாளிகளையும் அவர்கள் வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரையும் உள்ளடக்கியது. சேத்துப்பட்டு நிறுவனமும் இதில் பங்கேற்றது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. குடும்பத்தினரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ துவரம் பருப்பு என்ற கணக்கில் கூடுதலாக வழங்கப்பட்டது. அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. கிருமி இருப்பது சோதனையில் உறுதியான நுரையீரல் காசநோயில் குறைவு 48 சதவீதம். நோயாளிகளிடையே, முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் கூடியவர்கள் இறக்கும் வாய்ப்பு மிகவும் குறைவாக இருந்தது.

நோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக இந்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கி வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

யாருக்குப் படுக்கை?

வீட்டுச் சிகிச்சை பொது விதியான பிறகு, படுக்கை தேவைப்படும் சிலர் கவனிக்கப்படாமல் போகும் ஆபத்து ஏற்பட்டது. காசநோய் இறப்புகள் பல, சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்கின்றன. இதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' ஒன்றைத் தொடங்கியது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இதற்குத் துணை நிற்கிறது. நோய் கண்டறியப்பட்டவுடன் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், இரத்த ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பன பார்க்கப்படுகின்றன. இவற்றுக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கடுமையான நிலையில் உள்ளவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். மற்றவர்கள் வீட்டிலேயே மருந்து பெறுகின்றனர்.

1956இல் கேட்கப்பட்டது, எல்லாக் காசநோயாளிகளுக்கும் படுக்கை தேவையா என்பது. தேவையில்லை என்ற விடை, பல இலட்சம் குடும்பங்கள் பிரியாமல் இருக்க உதவியது. யாருக்குத் தேவை என்பதைக் கண்டறிவதும், வீட்டில் இருப்பவருக்கு மருந்தும் உணவும் தவறாமல் சேர்வதைக் கவனிப்பதும் அந்த விடையின் மறுபாதி. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும் நிலையில், அந்தப் பாதி இன்னும் செய்து முடிக்க வேண்டிய பணியாகவே உள்ளது.