மரம் விற்றவர் விட்டுவைத்த பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ரிக்கெட்ஸ் க்ளென் என்றொரு பூங்கா இருக்கிறது. கிச்சன் க்ரீக் என்ற ஓடையின் இரண்டு கிளைகள் மலை மேட்டிலிருந்து தனித்தனிப் பள்ளங்களில் இறங்கி, கீழே ஒன்றாகச் சேர்கின்றன. ஒரு கிளையை ஒட்டி இறங்கி, சங்கமத்தில் திரும்பி, மற்றதை ஒட்டி மேலே ஏறலாம். மேட்டில் இரண்டையும் இணைக்க ஒரு காட்டுப் பாதை உண்டு. அதில் நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். சுற்று முழுதும் சுமார் 5 கிலோமீட்டர்தான். ஆனால் பத்து நிமிடம் நடந்தால் ஒரு அருவி, சில இடங்களில் அதற்கும் முன்பே அடுத்தது! எல்லாவற்றிலும் உயரமானது கனோகா அருவி, 94 அடி.

இன்று அங்கே போகிறவர்கள் அருவிகளைப் பார்க்கிறார்கள். வரலாற்றுக்காரர்கள் பார்க்க வேண்டியது அருவிக்கு இருபுறமும் நிற்கும் மரங்களை. அங்கே விழுந்துகிடந்த மரங்களில் 900 வளையங்கள் வரை எண்ணியிருக்கிறார்கள். சுற்றியுள்ள மலை முழுவதும் நூறு வருடங்களுக்கு முன்பே மொட்டையடிக்கப்பட்டுவிட்டது. இந்த இரண்டு பள்ளங்கள் மட்டும் எப்படித் தப்பின?

இவற்றின் சொந்தக்காரர் ராபர்ட் புரூஸ் ரிக்கெட்ஸ் (1839-1918). அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861ல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1863ல் கெட்டிஸ்பர்க் போரில் பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றை நடத்தினார், போர் முடியும்போது கர்னல். ஊர் திரும்பியதும் மலையில் நிலம் வாங்கத் தொடங்கினார். வாங்கினார், வாங்கினார், வாங்கிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் 80,000 ஏக்கருக்கு மேல் அவர் கையில் இருந்தது.

வணிகவியல் கண்ணோடு பார்த்தால் இது ஒரு வேடிக்கையான ஐந்தொகை. சொத்துப் பக்கம் மலை மலையாக இருக்கிறது, கையிருப்புப் பணமோ இல்லை. காரணம் எளிது. வெட்டிய மரத்தை வெளியே கொண்டுபோக ரயில் பாதை இல்லை. வண்டியேற்ற முடியாத மரத்துக்கு என்ன விலை? எனவே ஏரிக்கரையில் இருந்த கல் கட்டடத்தில் 1873 முதல் ஒரு விடுதி நடத்தினார். அதற்கும் முன்பு, 1865 வாக்கில், அந்த மலைக்கு வந்து தங்கிய இரண்டு பேர் மீன்பிடிக்கப் போய் ஓடையோடு இறங்கியபோதுதான் இந்த அருவிகள் வெளியார் கண்ணில் பட்டன என்று சொல்லப்படுகிறது.

1889ல் ரிக்கெட்ஸ் ஆறு பேரை வைத்துப் பாதை போட ஆரம்பித்தார். செங்குத்தான பாறைச் சரிவில் கல் படிகள் அமைத்து, ஓடையைக் கடக்கப் பாலம் போட்டு, வேலை முடிய 1893 ஆகிவிட்டது. நான்கு வருட வேலை. இதில் கவனிக்க வேண்டியது நடுவில் வரும் 1890. அந்த வருடம்தான் ட்ரெக்ஸ்லர் அண்ட் டர்ரெல் என்ற மரக் கம்பெனி அவரது காட்டில் வேலையைத் தொடங்கியது. ரயில் பாதையும் வந்தது. மரம் அறுக்கும் ஆலையைச் சுற்றி ஒரு ஊரே முளைத்தது, அதற்கும் ரிக்கெட்ஸ் என்றே பெயர். ஹெம்லாக் மரத்தின் பட்டை தோல் பதனிட உதவும். நம் ஊரில் ஆவாரம்பட்டைக்கு இருந்த மதிப்பு அங்கே அதற்கு. 1913 வரை வெட்டினார்கள். பிறகு வெட்ட ஒன்றும் மிச்சமில்லை, ஊரும் காலியானது.

ஆக, ஒரே மனிதர் ஒரு கையால் மலையை விற்றுக்கொண்டே மறு கையால் பள்ளத்தாக்கில் படி கட்டிக்கொண்டிருந்தார். இவரை இயற்கைக் காவலர் என்று புகழ்வதும் காட்டை அழித்தவர் என்று திட்டுவதும் சுலபம். இரண்டும் பாதிக் கணக்குதான். விடுதிக்கு ஆள் வர அருவிகள் தேவை என்ற லாபக் கணக்கு ஆரம்பத்தில் இருந்திருக்கலாம். ஆனால் விடுதி 1903ல் மூடப்பட்ட பிறகும் பள்ளங்களில் கோடரி விழவில்லையே! அந்தப் பத்து வருடங்களும் ஆலை பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே லாபக் கணக்கு மட்டும் போதவில்லை.

அருவிகளுக்குப் பெயர் வைத்தவரும் அவரேதான். சிலவற்றுக்குத் தன் குடும்பத்தார் பெயர், மனைவி பிறந்த ரெனால்ட்ஸ் குடும்பத்தார் பெயர். மீதி பலவற்றுக்கு அமெரிக்கப் பூர்வகுடிகளின் பெயர்கள்: மோஹாக், ஒனைடா, செனெகா, டெலவேர், ஷானி. அவற்றில் 17 அடி உயரமுள்ள ஒரு சின்ன அருவிக்கு கோனெஸ்டோகா என்று பெயர். ஒரு காலத்தில் சஸ்குவஹானா ஆற்றுப் பகுதி முழுவதும் செல்வாக்கோடு இருந்த சஸ்குவஹானக் மக்களில் கடைசியாக எஞ்சியவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். 1763 டிசம்பரில் குடியேறிகளின் கும்பல் ஒன்று அவர்களில் இருபது பேரைக் கொன்றது. அதில் பதினான்கு பேர் பாதுகாப்புக்காக லங்காஸ்டர் நகரில் அடைக்கலம் தந்து வைக்கப்பட்டிருந்தவர்கள், குழந்தைகள் உட்பட. அருவியின் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1913ல் பள்ளத்தாக்கு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வண்டி நிறுத்த ஒரு டாலர். ரிக்கெட்ஸ் 1918ல் இறந்தார், ஒரு வாரத்துக்குள் மனைவி எலிசபெத்தும் இறந்தார். 1920 முதல் 1924 வரை வாரிசுகள் 48,000 ஏக்கரை மாநில வேட்டைத் துறைக்கு விற்றார்கள். அருவிகளை மட்டும் கொடுக்கவில்லை. 1930களில் இதைத் தேசியப் பூங்காவாக்கும் திட்டம் வந்தது. பொருளாதார மந்தத்தில் அரசிடம் பணமில்லை, பிறகு உலகப் போர், திட்டம் அப்படியே நின்றது. கடைசியில் 1942ல் மாநில அரசே அருவிகள் உள்ள 1,261 ஏக்கரை 82,000 டாலருக்கு வாங்கியது. ஏக்கருக்குச் சுமார் 65 டாலர்! 1944ல் பூங்கா திறந்தது. 1969ல் பள்ளங்கள் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

குளிர்காலத்தில் அந்தப் படிகள் எல்லாம் பனிக்கட்டியாகிவிடும். பனி ஏறும் கருவிகள் இல்லாதவர்களைப் பாதையில் விடுவதில்லை. ஹெம்லாக் மரங்களுக்கு இப்போது கோடரி பயம் இல்லை. ஆனால் ஆசியாவிலிருந்து வந்த ஒரு சாறு உறிஞ்சும் பூச்சி, ஊசி இலைகளின் அடியில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டிக்கொண்டு, கிழக்கு அமெரிக்கா முழுவதும் இந்த மரங்களைக் கொன்று வருகிறது. முக்கியமான மரங்களுக்கு ஒவ்வொன்றாக மருந்து கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.