அரசாங்கப் பிரயாணமும் கடன் அட்டையும்

அமெரிக்க மத்திய அரசாங்க உத்தியோகஸ்தர்கள் காரியார்த்தமாகப் புறப்படுகையில் ரொக்க முன்பணம் பெற்றும், டிக்கெட்டுக்கு அரசாங்கப் பத்திரத்தை நீட்டியும் வந்த வழக்கம் 1980-களிலிருந்தே படிப்படியாகக் குறைந்து வந்ததெனினும், விலக்களிக்கப்பட்டவை நீங்கலாகப் பிரயாணச் செலவனைத்தையும் அரசாங்க ஏற்பாட்டிலுள்ள கடன் அட்டையாலேயே செலுத்தவேண்டுமென்று கட்டாயமாக்கியது, 1998 அக்டோபர் 19-இல் ஜனாதிபதி கிளிண்டன் கையொப்பமிட்ட சட்டமே. ஆனால் தனிப்பெயரில் வழங்கப்படும் அட்டையின் கடனுக்குப் பொறுப்பாளி ஊழியர்தாம். சர்க்கார் வேலைக்கான செலவு சொந்தக் கடனாய் அவர் தலையில் ஏறுகிற இவ்வேற்பாட்டில், முறையான பட்டியல் சமர்ப்பித்த 30 தினங்களுக்குள் பணத்தைத் திருப்பித் தராத இலாகா தாமதக் கட்டணம் கொடுக்கவேண்டும் என்ற ஷரத்தையே நான் ஜீவநாடியாகக் கருதுகிறேன். ஊழியர் தகராறில்லாத பாக்கியைச் செலுத்தாவிடிலோ, பிடித்தங்கள் போக எஞ்சும் சம்பளத்தில் 15 சதவிகிதம் வரை வசூலிக்கவும் சட்டம் இடமளித்தது.