ஜாம்பேசியிலிருந்து மண்டபம் வரை

1930-களின் கடைசியில், ஜாவா தீவின் தென்கரையில் பிளிட்டார் வட்டாரத்தைச் சேர்ந்த முஜாயிர் என்பவரின் கண்ணில் ஒரு புது மீன் பட்டது. ஆபத்து நெருங்கினால் தாய் வாயைத் திறக்கும்; குஞ்சுகள் அத்தனையும் உள்ளே புகுந்துகொள்ளும். செராங் கழிமுகத்தில் பிடித்த சில மீன்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நன்னீருக்குப் பழக்கிக் குளத்தில் விட்டார். இந்தோனேசியச் சந்தைகளில் அந்த மீனுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஆனால் அது ஜாவா மீனே அல்ல. ஜாம்பேசியின் கீழ்ப்பகுதி தொடங்கி தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையோர ஆறுகள் வரை வாழும் மொசாம்பிக் திலாப்பியா அது. 1852-இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் அதை விவரித்து எழுதியிருந்தார்.

அதைப் பரப்பியது போர். ஜப்பானியர் ஆட்சியில் ஜாவாவின் உப்பங்கழிப் பண்ணைகளுக்குப் பால்கெண்டைக் குஞ்சு கிடைப்பது அரிதானது. அந்த இடத்தைத் திலாப்பியா பிடித்தது. மலாயா, சிங்கப்பூர் வரை போனது. 1946-இல் வூ, குவோ என்ற இரு தைவான்காரர்கள் சிங்கப்பூரிலிருந்து குஞ்சுகளை ஊருக்குக் கொண்டுபோனார்கள். கரைசேர்ந்தவை 13 மட்டுமே. தைவானில் அது 'வூ-குவோ மீன்' ஆனது.

1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. மலிவான புரதம் என்ற நம்பிக்கையில் தமிழகக் குளங்களிலும் அணைகளிலும் விட்டார்கள். தமிழர் நாவில் அது ஜிலேபிக் கெண்டை.

சிக்கல் அதன் வளர்ச்சியிலேயே இருந்தது. இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். குஞ்சுகள் தாயின் வாயில் பத்திரமாக இருப்பதால் பெரும்பாலும் பிழைத்துவிடும். குளம் நிரம்பும், எல்லாம் விரலளவில் நின்றுவிடும், கட்லாவுக்கும் ரோகுவுக்கும் இரை குறையும். 1959-இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்பத் தடை விதித்தது. அதற்குள் மீன் ஏரி ஏரியாக ஊடுருவிவிட்டது. அமராவதி அணையில் வலையில் விழுந்ததில் பெரும்பங்கு இதுதான். இலங்கையிலோ கதை வேறு: பெரிய உள்நாட்டு மீன்கள் அதிகமில்லாத பழங்குளங்களில் நன்னீர் மீன்பிடித் தொழிலே இதை நம்பி எழுந்தது.

ஊரெல்லாம் பெருகிய இந்த இனம், தாயகத்தில் இன்று அழியும் அபாயமுள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட நைல் திலாப்பியா 1990-களில் லிம்போப்போ ஆற்றில் புகுந்து இதனோடு கலந்து இனம் பெருக்குகிறது. கலப்பில்லாத மீனைக் கண்டறிய அங்கே ஆய்வாளர்கள் மரபணுச் சோதனை செய்கிறார்கள்.