வள்ளி காத்த தினை

முருகப் பெருமான் வள்ளியை மணந்து கொண்டு வந்து அமர்ந்த இடம் திருத்தணிகை என்பது ஐதிகம். வள்ளி வேடர் குலத்துப் பெண். தினைப்புனம் காப்பது அவள் வேலை. பரண் மேல் ஏறி நின்று, கையில் கவணை வைத்துக் கொண்டு, "ஆலோலம்" என்று கூவிக் கிளிகளையும் குருவிகளையும் விரட்டிக் கொண்டிருந்த பெண்ணிடம்தான் கிழவேடம் போட்டுக் கொண்டு முருகன் வந்தான். வந்தவனுக்கு அவள் கொடுத்தது தேனும் தினைமாவும். இன்றைக்கும் முருகனுக்கு அதுவே உகந்த நிவேதனம் என்று சொல்லுகிறார்கள். திருமுருகாற்றுப்படையில்கூடக் குன்றவாணர் முருகனுக்குத் தினை படைத்து வழிபடும் செய்தி வருகிறது.

அந்தத் தினை இப்போது எங்கே?

முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் ஏறி முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக் கொண்டே சுற்றுமுற்றும் பாருங்கள். ஏரிகளின் அடியில் நெல் விளைகிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறவர்கள் கரும்பு போடுகிறார்கள். திருவாலங்காட்டில் அதற்கென்று ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. மேட்டாங்காட்டில் வேர்க்கடலை. வடக்கே நகரி, புத்தூர்ப் பக்கம் போனால் மாந்தோப்புகள். தினையைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அகப்படுமிடமோ பெரும்பாலும் கடைவீதி. பாலிதீன் உறையில் அடைத்து, "சிறுதானியம்" என்று தலைப்பிட்டு, அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள். ஏழையின் சாப்பாடு கடையில் பணக்காரனாக உட்கார்ந்திருக்கிறது!

ஒரு தானியம் மற்றத் தானியங்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுத் தான் மட்டும் நாற்காலியில் அமர்ந்து கொள்வது உலகத்தில் புதிய விஷயம் அல்ல. அமெரிக்காவில் மக்காச்சோளம் இப்படித்தான் அமர்ந்திருக்கிறது. அங்கே மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் தீனி அது. குடிக்கிற இனிப்புப் பானத்தில் சர்க்கரைப் பாகு அது. மோட்டாருக்கு ஊற்றுகிற எரிசாராயமும் அதுவே. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிசாராயத்துக்கே போகிறது. மக்காச்சோளம் சாப்பிடுகிறோம் என்ற நினைவே இல்லாமல் மூன்று வேளையும் மக்காச்சோளத்தையே வேறு வேறு உருவங்களில் சாப்பிடுகிற ஜனங்கள் அவர்கள். நம் தேசத்தில் அந்த நாற்காலி அரிசிக்குக் கிடைத்தது. வித்தியாசம் என்னவென்றால், நாம் தெரிந்தே சாப்பிடுகிறோம்.

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சிலர் உடனே, "நம் நாட்டுத் தானியம், அந்நிய நாட்டுத் தானியம்" என்று பிரித்துவிடுவார்கள். அந்தப் பிரிவினை நிற்காது. வள்ளியின் தினையே வட சீனத்தில் முதன்முதலாகப் பயிராக்கப்பட்டது. கேழ்வரகு ஆப்பிரிக்காவின் கிழக்கு மேட்டு நிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு கடல் கடந்து வந்தது. மக்காச்சோளம் என்ற பெயரைக் கேட்டால் மக்காவிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது. ஐரோப்பாவில் அதைத் 'துருக்கிக் கோதுமை' என்று அழைத்தார்கள். இரண்டும் பொய். அது பிறந்த இடம் மெக்ஸிகோ. கொலம்பஸ் 1492-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றக் கண்டங்களுக்கு அது புறப்பட்டது. ஆகவே, ஒரு தானியம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைவிட, யாரைக் கூட்டிக் கொண்டு வந்தது, யாரை விட்டுவிட்டு வந்தது என்பதே பார்க்க வேண்டிய விஷயம்.

மெக்ஸிகோவில் மக்காச்சோளம் தனியாக வாழவில்லை. அதன் தட்டையைப் பற்றிக் கொண்டு அவரை இனத்துக் கொடி ஏறும். கீழே பூசணி படரும். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரிலோ சாம்பல் தண்ணீரிலோ வேகவைத்துத் தோலை உரித்து அரைத்துத்தான் ரொட்டி தட்டுவார்கள். ஏன் அப்படி என்று கேட்டால், "பாட்டி செய்தாள்" என்பதற்கு மேல் அவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்காது. சோளத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு போன ஐரோப்பியர் தானியத்தை மட்டும் எடுத்துக் கொண்டு, சுண்ணாம்பையும் பாட்டியையும் கரையிலேயே விட்டுவிட்டார்கள்.

பலன் இரண்டு நூற்றாண்டுகளில் தெரிந்தது. ஸ்பெயினில் காஸ்பர் காசால் என்ற வைத்தியர் 1735-ல் ஒரு புது வியாதியைக் கண்டார். வெயில் படுகிற இடமெல்லாம் தோல் கறுத்து வெடிக்கும்; வயிற்றுப் போக்கு; கடைசியில் புத்தி பேதலிப்பு; அப்புறம் சாவு. இத்தாலியில் அதற்குப் 'பெல்லக்ரா' என்று பெயர் வந்தது. மக்காச்சோளக் கூழைத் தவிர வேறு கதியில்லாத குடியானவர்களையே அது பிடித்தது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாகாணங்களிலும் அதே கதை. அங்கே வீட்டு வாசற்படி வரைக்கும் பருத்தி போட்டுவிட்டதால் காய்கறித் தோட்டத்துக்கு இடமில்லை. சோளமாவு, வெல்லப்பாகு, கொழுப்புத் துண்டு, இவ்வளவுதான் குத்தகைக்காரனின் ஆகாரம். தொற்றுநோய் என்று பெரிய பெரிய டாக்டர்கள் சாதித்தார்கள். ஜோசப் கோல்ட்பர்கர் என்பவர் 1915-ல் மிஸிஸிப்பிச் சிறைப் பண்ணையில் கைதிகள் சிலருக்கு, விடுதலை கிடைக்கும் என்ற ஒப்பந்தத்தின் பேரில், அந்தச் சாப்பாட்டையே கொடுத்துப் பார்த்தார். சில மாதங்களில் வியாதி வந்து சேர்ந்தது. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் ஒரு சத்தைச் சுண்ணாம்பு விடுவிக்கிறது என்ற ரகசியம் விளங்க இன்னும் பல வருஷங்கள் ஆயின. பாட்டி சரியாகத்தான் செய்திருக்கிறாள்.

அரிசியின் கதையும் இதற்குச் சளைத்தது அல்ல. ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர் வளர்த்த கோழிகள் கால் வராமல் விழுந்தன. ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்கு வழக்கமாகக் கிடைத்து வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், "ராணுவச் சோற்றைச் சிவில் கோழிகளுக்குப் போடுவதா?" என்று நிறுத்திவிட்டார். தவிடு போகாத மட்ட அரிசி போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன! தவிட்டோடு போவது எது என்று தேடிய ஆராய்ச்சிக்காக ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசில் பாதியையாவது அந்தச் சமையற்காரருக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

நம் பக்கத்திலேயே, குன்னூரில், 1918-ல் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணை ஒன்றை ராபர்ட் மக்காரிஸன் தொடங்கினார். பிறகு அவர் எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மாகாணத்துச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. கடைசி வரிசையில் நோஞ்சானாக நின்றவை சென்னை மாகாணத்தாரின் அரிசிச் சாப்பாட்டைத் தின்ற எலிகள். அந்த எலிகளுக்காக வருத்தப்படுவதா, நமக்காக வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

இனி, "அப்படியானால் புன்செய்த் தானியமே அமிர்தம்" என்று சிலர் கொடி தூக்குவார்கள். அதற்கும் வழியில்லை. ஹைதராபாதில் ஸி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, வெறும் சோளத்தையே தின்று வாழ்ந்த தக்காணத்து ஏழைகளுக்கும் பெல்லக்ரா வந்ததைக் காட்டியது. இது நம் பழைய வெள்ளைச் சோளம். மக்காச்சோளம் அல்ல. தானியம் எதுவானாலும், தனியாக விட்டால் கெடுதலே செய்கிறது.

பழைய புன்செய்க் குடியானவன் இதை அறிந்தானோ இல்லையோ, தனியாக விடவில்லை. ஒரே காட்டில் கேழ்வரகோ கம்போ விதைத்து, இடையிடையே துவரை, மொச்சை, காராமணி போட்டு, ஓரத்தில் ஆமணக்கும் நட்டு வைப்பான். மழை பொய்த்து ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். களி கிண்டினால் குழம்புக்குக் காடே பயறு தரும். கேழ்வரகில் நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய அரிசியில் பத்துத் தேறினால் அதிகம். அதோடு கேழ்வரகை எளிதில் பூச்சி தொடாது. குழியில் கொட்டி மூடி வைத்தால் வருஷக்கணக்காகக் கெடாது. கன்னடத்துக் கனகதாசர் பதினாறாம் நூற்றாண்டில் 'ராமதான்ய சரித்திரம்' என்று ஒரு காவியம் செய்தார். நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் யார் பெரியவர் என்ற வழக்கு. ராமபிரான் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் போடுகிறார். திறந்து பார்த்தால் நெல் நைந்து கிடக்கிறது, கேழ்வரகு அப்படியே இருக்கிறது. தீர்ப்பு யார் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ராமபிரான் தீர்ப்புச் சொன்னாலும், ஊர்க்காரர்கள் நெல் பக்கமே நின்றார்கள். அரிசிச் சோறு பண்டிகைச் சோறு. மிராசுதார் வீட்டுச் சோறு. களி தின்கிறவன் மட்டம், சோறு தின்கிறவன் உயர்த்தி. இந்த மனசு முதலில் வந்தது. அரசாங்கம் பின்னால் வந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்து கொண்டிருந்த அரிசி நின்றது. மறு வருஷம் சென்னையில் ரேஷன் வந்தது. 1952-ல் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு ஆட்சியையே மாற்றுவதில் பங்கு கொண்டது. 'ரூபாய்க்கு இத்தனை படி கேழ்வரகு' என்று யாராவது மேடையில் முழங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

திருத்தணிக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. 1911-ல் வட ஆர்க்காட்டைப் பிரித்துச் சித்தூர் ஜில்லாவை உண்டாக்கினபோது இந்தத் தாலுகா அதில் போயிற்று. 1953-ல் ஆந்திரம் தனி ராஜ்யமானது, ம.பொ.சி. எல்லைப் போராட்டம் நடத்தினார். படாஸ்கர் சிபாரிசின்படி 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் களி. அந்தப் பக்கம் அதையே சங்கடி என்பார்கள். பாஷைக்காக அவ்வளவு சண்டை போட்டவர்கள் ஒரே உருண்டையைத்தான் தின்று கொண்டிருந்தார்கள். அந்த உருண்டையை இரண்டு சர்க்கார்களும் அரிசியால் வென்றன. அங்கே என்.டி. ராமராவ் 1983-ல் கிலோ இரண்டு ரூபாய் அரிசி கொடுத்தார். இங்கே 2006-ல் இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. சும்மா கிடைக்கிற அரிசிக்கு முன்னால் எந்தக் கேழ்வரகு நிற்கும்?

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்ட பூமி இது. ரேஷன் அரிசி வந்த பிறகு அந்தக் கணக்குக்கு இடமில்லாமல் போயிற்று. பெண்களையும் கேட்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து திருகையில் கேழ்வரகு திரித்ததும், உரலில் கம்பு குத்தியதும் அவர்கள் கைகள்தான். அந்தக் கைகள் ஆலை அரிசியை வரவேற்றதில் ஆச்சரியம் என்ன? களியின் பெருமையைக் கட்டுரையில் எழுதுகிறவர்களில் திருகை சுற்றினவர்கள் சொற்பம்.

இதற்கிடையே மக்காச்சோளமும் கொல்லைப்புற வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீனி அதுதான். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் காடு காடாக விளைகிறது. முட்டையாகவும் கோழிக்கறியாகவும் உருமாறி நம் இலைக்கு வந்துவிடுகிறது. இப்போது எரிசாராயத்துக்கும் கேட்கிறார்கள். கோழிப் பண்ணைக்காரருக்கும் சாராய ஆலைக்காரருக்கும் போட்டி. விதையை ஒவ்வொரு போகமும் கடையில்தான் வாங்க வேண்டும், ஒட்டு ரகமாயிற்றே. 2018-ல் அமெரிக்கப் படைப்புழு கர்நாடகத்தில் முதலில் தென்பட்டது. அதே வருஷம் நம் மக்காச்சோளக் காடுகளிலும் இறங்கியது. பச்சைக் குருத்துக்குள் புகுந்து தின்றுவிட்டது. ஒரே பயிர் ஊர் முழுக்க நின்றால் புழுவுக்குத் தேடும் சிரமம் இல்லை. அமெரிக்காவிலேயே 1970-ல் பெரும்பாலான சோளச் செடிகள் ஒரே தாய்வழி ரகமாக இருந்ததால், ஓர் இலைக் கருகல் நோய் விளைச்சலில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைக் கொண்டு போயிற்று.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. அந்த வருஷம் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கூழுக்கு மட்டும் கேழ்வரகு என்று இருந்தது மாறட்டும்.

ஆனால் தினை திரும்ப வருவதில் சத்துக் கணக்கைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று உண்டு. ஊரெல்லாம் தினை விதைத்த காலத்தில் குருவிகள் ஊரெல்லாம் பங்கிட்டுத் தின்றன. ஒவ்வொரு காட்டிலும் கொஞ்சம் போகும். இன்றைக்கு ஒரே ஒருவர் அரை ஏக்கரில் தினை போட்டால், சுற்று வட்டாரத்துக் குருவிகள் அத்தனையும் அந்த அரை ஏக்கருக்கே வருகின்றன. கதிர் முற்றுகிற வாரங்களில் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் ஆள் நிற்க வேண்டும். முன்பு அந்த வேலை வீட்டுச் சிறுமியுடையது. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அவளைப் பரண் மேல் ஏற்றச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. கூலிக்கு ஆள் வைத்தால் தினையின் விலை கூலிக்கே போதவில்லை.